அழிந்த ஏடும் அழியா எழுத்தும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே சென்றால், மலையின் தென்புறத்தே ரமணாசிரமம் இருக்கிறது. அதனைச் சுற்றிய தெருக்களில் உலகின் பல நாட்டு மக்களும் வந்து தங்குகின்றனர். மௌனத்தைத் தேடி வருகிறவர்களுக்கும் மடிக்கணினி உண்டு. அது பழுதாவதும் உண்டு. ஆகவே தேநீர்க் கடைக்கும் துணிக்கடைக்கும் இடையே கணினி பழுது நீக்கும் சிறு கடைகளையும் அப்பகுதியில் காணலாம். சென்ற கோடையில் அத்தகைய கடையொன்றின் படியில், கையில் ஒரு வன்தட்டுடன் நாமும் ஏறி நின்றோம்.

ஹார்ட் டிஸ்க் என்று மக்கள் வழங்கும் அப்பெட்டி, உள்ளங்கை அளவினது. அதனுள் இருந்தவை எம் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளின் ஒளிப்படங்கள். மேசையிலிருந்து அது தவறி விழுந்தது எம் கவனக்குறைவால்தான். எவர் மீதும் பழி இல்லை. விழுந்த பின் கணினியில் செருகியபோது, உள்ளே ஏதோ நகத்தால் சுரண்டுவது போன்ற ஓசை கேட்டது. திரையில் ஒன்றும் தோன்றவில்லை.

கடையிலிருந்த இளைஞர் பெட்டியைக் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே கேள்வி கேட்டார்: “விழுந்த பிறகு எத்தனை தடவை செருகிப் பார்த்தீர்கள், ஃபாதர்?”

பத்துக்கும் மேல் என்றோம். “முதல் தடவையே நிறுத்தியிருக்க வேண்டும்” என்றார். குரலில் கடுமை இல்லை. ஆயினும் ஒரு மருத்துவர் காலந்தாழ்த்தி வந்த நோயாளியிடம் பேசுவது போல் இருந்தது. தாம் அதைத் திறக்கப் போவதில்லை என்றும், தூசி புகாத அறை உள்ளவர்கள் மட்டுமே திறக்கத்தக்கது அது என்றும் கூறி, சென்னைக்கு அனுப்பச் சொன்னார். எம்மிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

தட்டும் முள்ளும்

அன்று அவரிடம் கற்றதையும் பின்னர் படித்தறிந்ததையும் இங்குச் சுருக்கிச் சொல்கிறோம். வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வழவழப்பான வட்டத் தட்டுகள் சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் வல்ல நுண்ணிய தலைப்பகுதிகள் அவற்றின் மேல், தொடாமலே மிதந்து செல்கின்றன. தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டரே. மனித முடியொன்றின் தடிப்பு பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால், அந்த இடைவெளியின் சிறுமையை உணரலாம். ஒரு தூசித் துகளும் அங்கே பாறைதான். பெட்டி விழும்போது தலை தட்டில் மோதுகிறது. மோதிச் சிதைந்த தலையை மீண்டும் மீண்டும் ஓட விட்டால், நிலத்தைக் கீறும் ஏர் போல் அது எழுத்தையே உழுதுவிடுகிறது. எம் ஆவலே எம் எழுத்துக்கு எமனாயிற்று.

கோப்பு அழிந்தது என்று நாம் சொல்வது பெரும்பாலும் முழு உண்மை அன்று என்பதும் அறியத்தக்கது. இத்தகைய தட்டில் ஒரு கோப்பை நீக்கும்போது, வழக்கமாக அதன் பெயரும் இருப்பிடமும் எழுதிய அட்டவணைக் குறிப்பே மாற்றப்படுகிறது. எழுத்து அதே இடத்தில்தான் கிடக்கிறது. அதன் மேல் புதிதாக ஒன்று எழுதப்படும்வரை அது மீளக்கூடியது. நூலகத்தில் பெயர்ப்பட்டியலைக் கிழித்துவிட்டால் நூல்கள் எரிந்துவிடுவதில்லை. தேடிக் காண்பதுதான் அரிதாகிறது.

ஆகவே மீட்பவர்களின் முதல் விதி நிறுத்துவது. இரண்டாம் விதி, பழுதான தட்டிலேயே திருத்த வேலை எதையும் செய்யாமல், அதன் முழுப் படியை வேறொரு நல்ல தட்டில் எடுத்துக்கொள்வது. எளிதில் படிக்க வரும் பகுதிகளை முதலில் படியெடுக்கின்றனர். படிய மறுக்கும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, பின்னர் பொறுமையாகத் திரும்பி வருகின்றனர். தலையே சிதைந்திருப்பின், அதே வகையைச் சேர்ந்த வேறொரு பெட்டியின் நல்ல தலையைப் பொருத்துகின்றனர். மூன்றாம் விதியும் ஒன்று உண்டு: எவ்வளவு முயன்றும் வராத இடத்தை வராத இடமென்றே குறித்து வைப்பது.

1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 50 பெருந்தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று பையில் போட்டுச் செல்லும் பெட்டி அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. ஆயினும் மேற்சொன்ன மூன்று விதிகளும் கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் அறியப்பட்டவை. அவற்றுள் ஒரு சான்று, அந்தக் கடையிலிருந்து நடந்து சேரும் தொலைவிலேயே உள்ளது.

சிலேட்டும் துண்டுத் தாளும்

1896 செப்டம்பர் முதல் நாள், மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த பதினாறு வயது வேங்கடராமன் திருவண்ணாமலையை அடைந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்த அவர், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பேசாதிருந்தார். மலைமேல் விரூபாட்ச குகையில் அவர் வாழ்ந்த நாட்களில், ஊர் நகராட்சியில் மேற்பார்வையாளராக இருந்த கம்பீரம் சேஷய்யர் என்பவர் தம் ஐயங்களை அவரிடம் கேட்பார். விடைகள் துண்டுத் தாள்களில் எழுதித் தரப்பட்டன. இது 1900 முதல் 1902 வரை நிகழ்ந்தது.

1902இல், தென்னார்க்காடு வருவாய்த் துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேட்டார். அவர் கேட்ட வினாக்களுள் முதலாவது, ‘நான் யார்’ என்பது. அவருக்குக் கிடைத்த விடைகளுள் சில தரையில் விரலால் எழுதப்பட்டன. சில சிலேட்டில் எழுதப்பட்டன. தரையில் எழுதியது அடுத்த காற்றுக்கு நில்லாது. சிலேட்டில் எழுதியது அடுத்த விடைக்கு இடம் விட்டு அழியும். கணினித் தட்டின் மொழியில் சொன்னால், ஒவ்வொரு விடையும் முன்னைய விடையின் மேலேயே எழுதப்பட்டது.

எழுதியவர் அவற்றைக் காக்க முயலவில்லை. காத்தவர் கேட்டவரே. தாம் கண்டதைத் தம் குறிப்பேட்டில் பெயர்த்து எழுதி வைத்தார் பிள்ளை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவை அச்சேறாமல் இருந்தன. 1923இல்தான் ‘நான் யார்?’ நூலாக வெளிவந்தது. சேஷய்யரின் தாள்களோ, அவர் மறைந்த பின் அவர் குடும்பத்தாரிடமிருந்து பெறப்பட்டு, நடனானந்தரால் ஒழுங்குபடுத்தப்பட்டு, 1930இல் ‘விசார சங்கிரகம்’ என்னும் பெயரில் நூலாயின. சிலேட்டின் எழுத்து ஒரு மணி நேரம் வாழ்ந்தது. அதன் படி நூறாண்டைக் கடந்துவிட்டது.

இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. ‘நான் யார்?’ நூலின் தொடக்கத்தில், உடல் நான் அல்ல, புலன்கள் நான் அல்ல என ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும் விரிந்த பட்டியல் ஒன்று உள்ளது. அது ரமணர் எழுதித் தந்த விடையில் இல்லாதது. வேதாந்த நூல்களின் முறையில் பழகியவராகிய பிள்ளை, தமக்குத் தெளிவாகும் பொருட்டுச் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் அதைக் கண்ட ரமணர், தாம் அவ்வாறு விரித்துச் சொல்லவில்லை என்பதைச் சுட்டினார். ஆயினும் அதை நீக்கவில்லை. தாமே அந்நூலைக் கட்டுரை வடிவில் எழுதியபோதும் அப்பகுதியை இருக்கவிட்டார்.

பிள்ளையைக் குறை கூறுவதற்கு நாம் யார்? அவர் எழுதி வைக்காதிருந்தால் நமக்கு ஒன்றுமே கிடைத்திராது. ஆனால் இச்செய்தி ஒன்றைக் காட்டுகிறது: மீட்கிறவனின் கை, மீட்கப்படும் பொருளில் படியாமல் இருப்பது அரிது. அன்பும் கூடச் சேர்த்து எழுதும். எது மூலம், எது சேர்க்கை என்று சொல்ல மூல ஆசிரியரே உயிரோடு இருந்தது அந்நூலின் பேறு. எல்லா ஏடுகளுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

கல்லிலும் ஓலையிலும்

வேலூரை அடுத்த திருவல்லம் கோயிலில், விசய நந்திவிக்கிரமவர்மனின் ஆட்சியாண்டைக் கொண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயில் மண்டபத்தை இடித்துக் கட்டுவதற்கு முன் அங்கிருந்த பழைய கல்வெட்டின் படியே இது என்று அக்கல்வெட்டு தானே தெரிவிக்கிறது. எவ்வளவு நேர்மையான செய்தி! இடிக்கும் முன் படியெடுத்தனர். படியெடுத்ததைப் படியென்றே அறிவித்தனர். கல்லும் நிலையாதென்பதைக் கல்லில் எழுதியவர்களே அறிந்திருந்தனர்.

ஓலையின் ஆயுளோ கல்லினும் மிகக் குறைவு. கறையானும் ஈரமும் புகையும் தின்றவை போக எஞ்சிய ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார். புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் இன்றளவும் இல்லை. 1904இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இடையிடையே சிதைந்த அடிகள் வேறு. செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்குக் குறைவோ? மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், விடுபட்ட சொல்லை யாப்புக் கெடாமல் தாமே இட்டு நிரப்பியிருக்கலாம். பலர் அறிந்தும் இருக்கமாட்டார்கள். அவர் இடத்தை வெற்றிடமாகவே விட்டார், புள்ளியிட்டுக் காட்டினார்.

அவ்வாறு விட்டதனால் விளைந்த நன்மையைக் குறிஞ்சிப்பாட்டில் காண்கிறோம். மலர்களின் பெயர்களை நிரல்படக் கூறும் அப்பாட்டில், அவருக்குக் கிடைத்த ஏடுகளில் சில பெயர்கள் சிதைந்திருந்தன. பின்னர் தருமபுர மடத்து ஏடுகளிடையே கிடைத்த ஓர் ஏட்டில் அப்பெயர்கள் இருக்கக் கண்டார். உதிர்ந்த மலர்கள் மீண்டும் தம் காம்பில் வந்து அமர்ந்தன. முன்னமே கற்பனை மலர்களை அங்கே செருகியிருந்தால், உண்மை மலர்கள் வந்தபோது அமர இடம் இருந்திராது.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி உண்டு. அந்தாவோ தெ புரோயென்சா என்னும் சேசு சபைத் துறவி தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, அவர் இறந்த பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. காலப்போக்கில் இங்கு அதன் சுவடே இல்லாமற் போயிற்று. 1954இல் வத்திக்கான் நூலகத்தில் அதன் படியொன்றைத் தனிநாயகம் அடிகளார் கண்டெடுத்தார். 1966இல் மலேசியாவிலிருந்து அது மறுபடியும் வெளிவந்தது. இங்கு அழிந்தது அங்கே ஒரு படியாக இருந்தமையால் உயிர் பெற்றது.

இவை எல்லாவற்றுக்கும் முற்பட்ட நிகழ்ச்சியை எரேமியா நூலின் 36ஆம் அதிகாரம் கூறுகிறது. இறைவாக்கினர் சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை, யோயாக்கிம் அரசன் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக் கணப்பில் இட்டு எரித்தான். எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் தந்து மீண்டும் சொன்னார், மீண்டும் எழுதப்பட்டது. அரசனின் நெருப்பு தாளைத் தின்றது. சொன்னவரும் எழுதியவரும் எஞ்சியிருந்தனர். மீட்பின் வேர் பொருளில் அன்று, மனிதரில் உள்ளது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நாம் அறிந்தவரை இல்லை.

விண்ணிலிருந்து விழுந்த தட்டு

நம் காலத்துச் சான்று ஒன்றையும் கூறுவோம். 2003 பிப்ரவரி முதல் நாள், கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தின் மேல் சிதறியது. நம் நாட்டுக் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். சிதறிய பொருள்களிடையே, உருகிக் கருகிய வன்தட்டு ஒன்றும் பின்னர் கிடைத்தது. செனான் வாயுவின் பாய்மம் பற்றிய ஆய்வின் அளவீடுகள் அதில் இருந்தன. உறை உருகியிருந்தது, உள்ளே தூசி புகுந்திருந்தது. ஆயினும் தரவு எழுதப்பட்டிருந்த பகுதி சிதையவில்லை. அப்பொறியில் இயங்கிய பழைய மென்பொருள் தரவுகளைச் சிதறவிடாமல் ஓரிடத்திலேயே அடுத்தடுத்து எழுதியிருந்ததும் உதவிற்று. தட்டுகளைக் கழுவித் தூய்மை செய்து, வேறொரு பெட்டியில் பொருத்திப் படித்தபோது ஏறத்தாழ 99 சதவீதத் தரவு மீண்டது. 2008இல் அந்த ஆய்வின் முடிவு அறிவியல் இதழில் வெளிவந்தது.

மாண்டவர்கள் மீளவில்லை. ஆனால் அவர்கள் விண்ணில் செய்த வேலை மீண்டது. மீட்பு என்னும் சொல்லைக் கணினித் துறையினர் வழங்கும்போது நாம் சற்றே புன்னகைப்பது உண்டு. இந்நிகழ்ச்சியை அறிந்த பின் அச்சொல்லை அவர்களுக்கும் உரியதாகவே கொள்கிறோம்.

எம் பதிவேடு

இனி எம் கதைக்கு வருவோம். திருமணங்களைப் பங்கின் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளைப் பேணும் பொறுப்பைப் பங்குத் தந்தையின் தலைமேல் வைக்கிறது. பழைய ஏடுகளைக் கருத்துடன் காக்கவும் பணிக்கிறது. குருமடத்தில் இவ்விதியைப் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆயினும் ஏடுகளைப் படமெடுத்து முடித்த நாளன்று, ‘இனிக் கவலை இல்லை’ என்று பழைய ஏடுகளை அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டோம். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது சில ஏடுகளில் கறையான் புற்றே இருந்தது. படி இருக்கிறதென்ற துணிவில் மூலத்தை இழந்தோம். பின்னர் ஒரே படியையும் கீழே தவறவிட்டோம். ஒரு படி என்பது படியே இல்லை என்று செங்கம் சாலை இளைஞர் சொன்னது அப்போது உறைத்தது.

சென்னையிலிருந்து படங்களின் பெரும்பகுதி மீண்டு வந்தது. 1950களில் மூன்று ஆண்டுகளுக்குரிய பக்கங்கள் மட்டும் வரவில்லை. அதே மாதத்தில் மூதாட்டி ஒருவர் வந்தார். ஓய்வூதிய உதவிக்கு வயதுச் சான்று வேண்டுமாம். “என் பேரு கோயில் புத்தகத்துல இருக்குன்னு எங்கம்மா சொல்லுவாங்க, சாமி. பார்த்து எழுதிக் குடுங்க” என்றார். அவர் சொன்ன ஆண்டு, வராத ஆண்டுகளுள் ஒன்று.

அன்று இரவு ஒரு சோதனை வந்ததை மறைக்காமல் கூறுகிறோம். ஊர் அறிந்த அம்மையார். பொய் சொல்பவர் அல்லர். புதிய ஏடொன்றைத் திறந்து, அவர் சொல்லும் நாளை எழுதி, பழையதன் படிபோல் வைத்துவிட்டால் யாருக்கு என்ன இழப்பு? சிவப்பிரகாசம் பிள்ளையின் அன்பு எமக்கும் இருந்தது. ஆனால் எம் ஏட்டில் எது மூலம், எது சேர்க்கை என்று பிற்காலத்தில் எவர் வந்து சொல்வார்?

வேறு வழி தேடினோம். அவர் மணமாகிச் சென்ற ஊரின் பங்குத் தந்தைக்கு எழுதினோம். அங்கிருந்த திருமணப் பதிவேட்டில் அவர் பெயரும் பெற்றோர் பெயரும் திருமுழுக்குப் பெற்ற ஊரும் ஆண்டும் இருந்தன, நாள் இல்லை. சட்டத் தொகுப்பின் 876ஆம் விதி, எவருக்கும் கேடு நேராதவிடத்து, ஐயத்துக்கு இடமில்லாத ஒரே சாட்சியின் சொல்லும் திருமுழுக்கை மெய்ப்பிக்கப் போதும் என்கிறது. அவருடைய ஞானத்தாய் எண்பதைக் கடந்தும் நல்ல நினைவோடு இருந்தார். கைக்குழந்தையைத் தாம் ஏந்தி நின்றதையும், அது வழியெல்லாம் அழுததையும், அன்று தம் மாமன் புதுக் கிணற்றில் நீர் கண்டதையும் சொன்னார். நாளை மட்டும் அவரும் அறியவில்லை.

கிடைத்ததைக் கிடைத்தவாறே புதிய ஏட்டில் எழுதினோம்: மூல ஏடு அழிந்தது, இந்த ஊர்ப் பதிவேட்டின்படியும் இந்தச் சாட்சியின் சொற்படியும் இவ்வளவு தெரிகிறது, நாள் தெரியவில்லை. சான்றிதழிலும் நாளுக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இட்டோம். மூதாட்டி அக்கோட்டை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். உங்கள் நாள் வரும்போது உட்கார வைத்திருக்கும் இடம் என்றோம். சிரித்துக்கொண்டே தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இப்போது எம் பதிவேடுகளின் படிகள் மூன்று இடங்களில் உள்ளன. ஒன்று வேறு ஊரில். கறையான் விட்டுவைத்த மூல ஏடுகள் துணி உறையில், மேல்தட்டில் இருக்கின்றன. பழுதான வன்தட்டையும் எறியவில்லை. அதனைப் பதிவேடுகளின் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.